எண்ணாயிரம் மீட்டர் சிகரங்களும் அவற்றை ஏறியவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

8,000 மீட்டருக்கு மேல் எத்தனை சிகரங்கள் இருக்கின்றன? எங்கே?

பதினான்கு. எல்லாமே ஆசியாவில்தான். உயர வரிசையில், மீட்டரில்: எவரெஸ்ட் 8,848.86, கே2 8,611, கஞ்சன்ஜங்கா 8,586, லோட்சே 8,516, மகாலு 8,485, சோ ஓயு 8,188, தவளகிரி 8,167, மனாஸ்லு 8,163, நங்க பர்பத் 8,126, அன்னபூர்ணா 8,091, காஷெர்பிரம்-1 8,080, பிராட் பீக் 8,051, காஷெர்பிரம்-2 8,034, ஷிஷாபங்மா 8,027.

இவற்றில் கே2, பிராட் பீக், இரண்டு காஷெர்பிரம்கள் ஆகிய நான்கும் பாகிஸ்தான்–சீன எல்லையில் காரகோரத் தொடரைச் சேர்ந்தவை. மற்ற பத்தும் இமயமலை. ஷிஷாபங்மா ஒன்றுதான் முழுக்கத் திபெத்துக்குள் நிற்கிறது. சில பட்டியல்களில் மகாலுவுக்கு 8,463 என்றும் சோ ஓயுவுக்கு 8,201 என்றும் போட்டிருப்பார்கள். அளந்த ஆண்டும் முறையும் வேறு என்பதால் வரும் வித்தியாசம் அது.

யாரும் ஏறுவதற்கு முன்பே எவரெஸ்ட்டின் உயரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அந்தக் கணக்கு தொடங்கிய இடம் சென்னை. 1802-ல் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கங்களையே அடிக்கோடாக வைத்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து இன்னொன்று என்று நாடு முழுவதும் வலை பின்னிக்கொண்டு போய், ஏறக்குறைய அரை நூற்றாண்டில் இமயத்தின் அடிவாரத்தைத் தொட்டார்கள்.

நேபாளம் அப்போது வெளிநாட்டவரை உள்ளே விடவில்லை. அதனால் 160 கிலோமீட்டருக்கும் அப்பால், சமவெளியில் நின்றபடி தியோடலைட் என்ற கோணமளக்கும் கருவியால் சிகரத்தின் கோணத்தை எடுத்தார்கள். அவ்வளவு தூரத்தில் ஒளி காற்றில் வளைகிறது, பூமியும் வளைகிறது. இரண்டுக்கும் திருத்தம் செய்து கணக்குப் போட்டவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். '15-ஆம் சிகரம்' என்று எண் மட்டும் பெற்றிருந்த மலைதான் எல்லாவற்றிலும் உயரம் என்று 1852-ல் அவர் கணக்கில் தெரிந்தது. 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி, அதாவது சுமார் 8,840 மீட்டர். செயற்கைக்கோள் கருவியை உச்சிக்கே கொண்டுபோய், அங்குள்ள பனியின் தடிமனையும் ரேடாரில் பார்த்து, நேபாளமும் சீனாவும் 2020 டிசம்பர் 8 அன்று சேர்ந்து அறிவித்த எண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் 9 மீட்டர்தான். பெயர் முன்னாள் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட்டுக்குப் போயிற்று. கணக்குப் போட்டவரின் பெயரும் மலையோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது.

அந்த உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்கிறார்கள். எவ்வளவு குறைவு?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு உச்சியிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம். எவரெஸ்ட் உச்சியில் 1981-ல் ஓர் அமெரிக்க மருத்துவக் குழு நேரில் அளந்தபோது 253. மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

ரத்தத்தில் என்ன நடக்கிறது என்பதை 2007-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் குழு பார்த்தது. உச்சிக்குப் போய் இறங்கும் வழியில், 8,400 மீட்டரில், நான்கு பேர் இறகு அடைத்த குளிருடையைத் திறந்து தொடைத் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். ஒரு ஷெர்பா அந்த மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் 6,400 மீட்டரில் இருந்த ஆய்வகத்துக்கு இறங்கினார். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் நம் ஊரில் ஏறக்குறைய 95 முதல் 100 மில்லிமீட்டர். அவர்களுக்குச் சராசரி 24.6, ஒருவருக்கு 19.1. சாதாரணமாக மருத்துவமனையில் இந்த எண்ணைப் பார்த்தால் நோயாளி நினைவிழந்து கிடப்பார். அவர்கள் வாரக்கணக்கில் உடம்பைப் பழக்கியிருந்ததால் நடந்துகொண்டிருந்தார்கள்.

அப்படிப் பழகியும் 8,000 மீட்டருக்கு மேல் உடம்பு தேறுவதில்லை. பசி போகிறது, தூக்கம் போகிறது, காயம் ஆறுவதில்லை, யோசனை மந்தமாகிறது. தண்ணீருக்குப் பனியை உருக்க வேண்டும். ஒரு லிட்டர் சேர்வதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். உச்சியில் தண்ணீர் ஏறக்குறைய 70 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், மேல் முகாம்களில் அரிசி பருப்பு வேகவைக்கும் பேச்சே இல்லை.

எவரெஸ்ட்டுக்கு எத்தனை ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டும்?

கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும். இப்போது பரவலாக உள்ளது 4 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர். 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 1,200 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் 10 மணி நேரம் வரும், 4 லிட்டர் விட்டால் 5 மணி நேரம். சவுத் கோல் முகாமிலிருந்து (சுமார் 7,900 மீட்டர்) உச்சிக்குப் போய்த் திரும்ப 16 மணி நேரம் ஆகிறது என்று வைத்தால், 2 லிட்டர் வேகத்தில் இரண்டு சிலிண்டர் போதும், 4 லிட்டர் வேகத்தில் மூன்றும் போதாது. முகாமில் தூங்கும்போது அரை முதல் ஒரு லிட்டர் வேகத்தில் போவது தனி. வழியில் நெரிசலில் நான்கு மணி நேரம் நின்றால் கணக்கு மொத்தமும் உடையும். கூடுதலாக ஒன்று வைப்பது அதற்காகத்தான்.

கெட்டுப்போவது பெரும்பாலும் சிலிண்டர் அல்ல. மூச்சின் ஈரம் முகமூடியின் வெளிவிடும் வால்வில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதை விரலால் அமுக்கி உடைத்துவிட வேண்டும், ஏறும் ஒவ்வொரு மணியும். வாயு வரும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் திருகும் இடத்தில் பனித்துகள் புகுந்தால் வாயு கசியும். சிலிண்டர் மாற்றும்போது கையுறையைக் கழற்றுவதால் விரலும் போகும். திடீரென்று வாயு நின்றால், ஆக்சிஜனே இல்லாமல் ஏறியவரைவிட இவர் நிலை மோசம். அவரது உடம்பு பழகியிருக்கும். இவருடையது பல நூறு மீட்டர் கீழே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.

1953-ல் எவரெஸ்ட்டின் முதல் ஏற்றத்தையும் ஒரு கருவிதான் தீர்மானித்தது. மே 26 அன்று டாம் போர்டிலனும் சார்ல்ஸ் எவான்ஸும் உச்சிக்கு 100 மீட்டர் கீழே தென் உச்சி வரை போனார்கள். அவர்களிடம் இருந்தது வெளிவிடும் மூச்சைச் சுத்தப்படுத்தித் திரும்பத் தரும் மூடிய வகைக் கருவி. எவான்ஸுடையது கோளாறு செய்தது, நேரமும் போய்விட்டது, திரும்பினார்கள். மூன்று நாள் கழித்து எளிய திறந்த வகைக் கருவியோடு போன ஹிலாரி–டென்சிங் ஜோடி ஏறியது.

உச்சியில் முதலில் கால் வைத்தது ஹிலாரியா, டென்சிங்கா?

எட்மண்ட் ஹிலாரி சில அடி முன்னால் போனார் என்று டென்சிங் நோர்கேயே பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லிவிட்டார். ஒரே கயிற்றில் கட்டியிருந்த இருவருக்குள் இந்தக் கேள்வி ஏறுபவர்களுக்குப் பொருளில்லாதது. முன்னால் போகிறவர் விழுந்தால் பின்னால் இருப்பவர்தான் பிடிக்க வேண்டும்.

1953 மே 28 இரவு சுமார் 8,500 மீட்டரில் ஒரு சாய்வான திட்டில் கூடாரம் போட்டார்கள். ஹிலாரியின் பூட்ஸ் வெளியில் கிடந்து கல்லாக உறைந்துவிட்டது. காலையில் அடுப்பில் காட்டி இளக்க இரண்டு மணி நேரம். ஆறரைக்குக் கிளம்பி பதினொன்றரைக்கு உச்சி. கால் மணி நேரம்தான் அங்கே இருந்தார்கள். ஐஸ் ஆக்ஸில் (பனிக்கோடரி) கொடிகளைக் கட்டித் தூக்கிப் பிடித்து நிற்கும் அந்தப் படம் டென்சிங்குடையது, எடுத்தவர் ஹிலாரி. ஹிலாரிக்கு உச்சியில் படமே கிடையாது.

அதற்கு முன்பே மல்லோரி ஏறிவிட்டாரா?

1924 ஜூன் 8 அன்று பிரிட்டனின் ஜார்ஜ் மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் வடகிழக்கு முகட்டில் கடைசியாகத் தென்பட்டார்கள். மல்லோரியின் உடல் 1999 மே 1 அன்று ஏறக்குறைய 8,150 மீட்டரில் கிடைத்தது. இடுப்பில் கயிற்றின் தழும்பு. இர்வின் பெயர் தைத்த காலுறையோடு ஒரு பாதம் 2024-ல் கீழே பனியாற்றில் வெளிப்பட்டது. அவர்கள் கொண்டுபோன கேமரா கிடைக்கவில்லை. ஏறினார்கள் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இதுவரை இல்லை.

மற்ற சிகரங்களை முதலில் ஏறியவர்கள் யார்?

பதினான்கும் 1950-க்கும் 1964-க்கும் இடையில் ஏறப்பட்டன. முதலாவது அன்னபூர்ணா: 1950 ஜூன் 3, பிரான்சின் மோரிஸ் எர்சோக், லூயி லஷனால், ஆக்சிஜன் இல்லாமல். இறங்கும் வழியில் எர்சோக் பையைத் திறக்கக் கையுறைகளைக் கழற்றி வைத்தார். அவை சரிவில் உருண்டு போய்விட்டன. பையில் மாற்றுக் காலுறைகள் இருந்தன, அவற்றைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்பது அந்த உயரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. கை விரல்களையும் கால் விரல்களையும் இழந்தார். லஷனாலுக்குக் கால் விரல்கள் போயின. இன்றும் கையுறையை மணிக்கட்டில் நாடாவால் கட்டிக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இந்த மாதிரி விபத்துகள்தான்.

நங்க பர்பத்தை 1953 ஜூலை 3 அன்று ஏறிய ஆஸ்திரியர் ஹெர்மன் பூல் தன்னந்தனியாக, ஆக்சிஜன் இல்லாமல் போனார். எண்ணாயிரம் மீட்டர் சிகரம் ஒன்றின் முதல் ஏற்றத்தை ஒற்றை ஆளாக முடித்தவர் அவர் ஒருவர்தான். அதிகாலை இரண்டரை மணிக்குக் கிளம்பி மாலை ஏழு மணிக்கு உச்சி, இரவு முழுவதும் ஒரு பாறைத் திட்டில் நின்றபடியே கழித்தார், 41 மணி நேரம் கழித்து முகாமுக்கு வந்தார். 1957-ல் பிராட் பீக்கையும் முதலில் ஏறிய நால்வரில் ஒருவர். சில வாரங்களில் பக்கத்துச் சோகோலிசா சிகரத்தில் பனிவிளிம்பு உடைந்து இறந்தார்.

கே2: 1954 ஜூலை 31, இத்தாலியின் அகிலே கொம்பன்யோனி, லினோ லசெதெல்லி. அவர்களுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் சுமந்து வந்த வால்டர் பொனாட்டியும் ஹன்சாவைச் சேர்ந்த அமீர் மெஹ்தியும், கடைசி முகாம் சொன்ன இடத்தில் இல்லாததால், சுமார் 8,100 மீட்டரில் கூடாரமின்றி இரவைக் கழித்தார்கள். மெஹ்தியின் கால் விரல்கள் எல்லாம் போயின. அந்த இரவைப் பற்றிப் பொனாட்டி சொன்னதே சரி என்று இத்தாலிய ஆல்பைன் கழகம் ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டு ஆனது. முதல் ஏற்றப் பட்டியலில் மெஹ்தி பெயர் இருக்காது. அவர் சுமந்த சிலிண்டர் இல்லாமல் அந்த வரி எழுதப்பட்டிருக்காது.

கஞ்சன்ஜங்கா 1955-ல் ஜார்ஜ் பேண்ட், ஜோ பிரவுன். மகாலு அதே ஆண்டில் லியோனல் தெரே, ழான் கூசி. மறுநாள் இன்னும் மூவர் ஏறினார்கள், அதில் ஒருவர் கியால்சென் நோர்பு ஷெர்பா. அவரே 1956-ல் ஜப்பானின் தோஷியோ இமானிஷியோடு மனாஸ்லுவையும் முதலில் ஏறி, எண்ணாயிரம் மீட்டர் சிகரங்களில் இரண்டைத் தொட்ட முதல் மனிதரானார். கடைசியாக மிஞ்சிய ஷிஷாபங்மாவை 1964 மே 2 அன்று சீனக் குழுவின் பத்துப் பேர் ஏறினார்கள்.

ஷெர்பாக்களின் வேலை சுமை தூக்குவது மட்டும்தானா?

ஷெர்பா என்பது நேபாளத்தின் சோலுகும்பு பகுதியில் வேர்கொண்ட ஓர் இனம். இன்று எவரெஸ்ட்டில் ஏறும் வழியே அவர்கள் போடுவது. பருவம் தொடங்கும் முன் 'ஐஸ்ஃபால் டாக்டர்கள்' என்று அழைக்கப்படும் குழு கும்பு பனியருவியில் பிளவுகளுக்குக் குறுக்கே அலுமினிய ஏணிகளைக் கட்டும். பனி நகர்வதால் பருவம் முழுக்க அவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்யும். வேறொரு குழு உச்சி வரை கயிறு பொருத்தும். கூடாரம், காஸ், சிலிண்டர் எல்லாம் மேலே போவதும் அவர்கள் முதுகில்தான். வாடிக்கையாளர் பனியருவியை ஒரு பருவத்தில் சில முறை கடப்பார். சுமை கொண்டுபோகிறவர் அதைவிடப் பல மடங்கு கடப்பார். 2014 ஏப்ரல் 18 அன்று அங்கே பனிக்கட்டி சரிந்து இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள்.

கமி ரீட்டா ஷெர்பா 2025 மே மாதத்தோடு 31 முறை எவரெஸ்ட் ஏறியிருக்கிறார். ஆங் ரீட்டா ஷெர்பா ஆக்சிஜன் இல்லாமலேயே பத்து முறை ஏறியவர்.

பதினான்கையும் முடித்தவர்கள் யார்? யார் சாதனை பெரியது?

ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர் 1970-ல் நங்க பர்பத்தில் தொடங்கி 1986 அக்டோபரில் லோட்சேயில் முடித்தார், எதிலும் ஆக்சிஜன் கிடையாது. எவரெஸ்ட்டை முதன்முதலாக ஆக்சிஜன் இல்லாமல் 1978 மே 8 அன்று ஏறியதும் அவரும் பீட்டர் ஹேபலரும்தான். அடுத்த ஆண்டே, 1987-ல், போலந்தின் யெர்சி குகுச்கா முடித்தார். எட்டு ஆண்டுகளுக்குள், லோட்சே தவிர மற்ற எல்லாவற்றையும் புது வழியிலோ குளிர்காலத்திலோ ஏறினார். எவரெஸ்ட்டில் மட்டும் ஆக்சிஜன் பயன்படுத்தினார். 1989-ல் லோட்சேயின் தென்முகத்தில் கயிறு அறுந்து இறந்தார். இரண்டாமவர் என்பதால் பெயர் அவ்வளவாகப் பரவவில்லை. எங்களைக் கேட்டால் குகுச்காவின் பட்டியல்தான் கனமானது.

பெண்களில் ஸ்பெயினின் எதுர்னே பசபான் 2010-லும், ஆக்சிஜன் இல்லாமல் ஆஸ்திரியாவின் கெர்லிண்டே கால்டன்புரூன்னர் 2011-லும் முடித்தார்கள். நேபாளத்தின் நிர்மல் புர்ஜா 2019-ல் ஆறு மாதம் ஆறு நாளில் முடித்தார். 2023-ல் நார்வேயின் கிறிஸ்டின் ஹரிலாவும் தென்ஜின் ஷெர்பாவும் 92 நாளில். இந்த வேகங்கள் ஆக்சிஜன், பொருத்திய கயிறு, அடிவார முகாம்களுக்கிடையே ஹெலிகாப்டர் ஆகியவற்றோடு சாத்தியமானவை. மெஸ்னரின் 16 ஆண்டையும் 92 நாளையும் ஒரே பத்தியில் எண்ணாகப் போட்டு ஒப்பிட்டால் இரண்டு பேருக்குமே நியாயம் செய்ததாகாது.

உச்சிக்கே போகாதவர்களையும் ஏறியதாகக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று சர்ச்சை வந்ததே?

ஆமாம். மனாஸ்லுவில் பல ஆண்டுகளாகப் பெரும்பாலோர் நின்று படமெடுத்த மேடு உண்மையான உச்சி இல்லை. அதற்கப்பால் கத்தி போன்ற முகட்டில் இன்னும் சில மீட்டர் உயரம் பாக்கி. 2021-ல் எடுத்த டிரோன் படத்தில் இது பளிச்சென்று தெரிந்தது. ஷிஷாபங்மாவில் நடு உச்சியோடு திரும்பியவர்கள் உண்டு. அன்னபூர்ணாவில் நீண்ட முகட்டில் எது உச்சி என்று மேலே நிற்கும்போது கண்டுபிடிப்பதே கடினம். ஜெர்மனியின் எபர்ஹார்ட் யுர்கால்ஸ்கி குழு படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, மெஸ்னரே அன்னபூர்ணாவில் சற்றுத் தள்ளி நின்றிருக்கலாம் என்று 2022-ல் சொன்னது. ஏறுபவர்களில் பலர் இதை ஏற்கவில்லை.

கஞ்சன்ஜங்கா வேறு கதை. சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம் உறையும் மலை என்பதால் 1955-ல் பேண்டும் பிரவுனும் வாக்குக் கொடுத்தபடி உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றார்கள். அதை முழு ஏற்றமாக உலகம் ஏற்கிறது, ஏற்கவும் வேண்டும். சிக்கிம் பக்கமிருந்து ஏறுவது 2001 முதல் தடை.

எந்த மலை மிக ஆபத்தானது?

அன்னபூர்ணா, கே2, நங்க பர்பத். அன்னபூர்ணாவில் வழக்கமான வடக்கு வழியே பனிச்சரிவு விழும் சரிவுகளுக்குக் குறுக்கே போகிறது. திறமை இருந்தாலும் அங்கே நிற்கும் நேரத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. கே2-வில் சுமார் 8,200 மீட்டரில் 'பாட்டில்நெக்' என்ற குறுகலான செங்குத்துப் பள்ளம், தலைக்கு மேலே தொங்கும் பனிச்சுவர். 2008 ஆகஸ்ட் 1 அன்று அந்தச் சுவர் உடைந்து பொருத்திய கயிறுகளை அறுத்துக்கொண்டு போனது. அந்த ஏற்றத்தில் மொத்தம் 11 பேர் இறந்தார்கள். குளிர்காலத்தில் யாரும் ஏறாத கடைசி எண்ணாயிரமாக இருந்ததும் கே2. 2021 ஜனவரி 16 அன்று பத்து நேபாளியர் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒருவருக்கொருவர் காத்திருந்து, சேர்ந்தே ஏறினார்கள்.

எவரெஸ்ட்டில் பெரிய எதிரி நேரம். மேற்கிலிருந்து அடிக்கும் உயர்மட்டக் காற்று மே நடுவில் வடக்கே விலகி, பருவமழை வருவதற்குள் சில நாள் அமைதி கிடைக்கும். எல்லோரும் அந்த நாட்களுக்கே காத்திருப்பதால் நெரிசல். நண்பகல் ஒரு மணி, இரண்டு மணி என்று திரும்பும் நேரத்தை முன்பே குறித்து, உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். 1996 மே 10 அன்று அது தவறிப் பலர் மாலையில் உச்சியில் இருந்தார்கள். புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள்.

எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்க மட்டும் ஆசை. என்ன கவனிக்க வேண்டும்?

அது 5,364 மீட்டர். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்குங்கள். நாம்சேயிலும் (3,440) திங்போசேயிலும் (4,410) தங்கச் சொல்வது இதற்காகவே. தலைவலியோடு குமட்டல் வந்தால் மேலே போகக் கூடாது. ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்குகிறது. இரண்டுக்கும் மருந்து உண்டு, ஆனால் முதல் சிகிச்சை கீழே இறக்குவது, அப்போதே, இரவானாலும். அசெட்டாசோலமைடு 125 மில்லிகிராம் காலை மாலை தடுப்புக்குத் தருவார்கள். சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இந்தியர்களும் தமிழர்களும் எவரெஸ்ட் ஏறியிருக்கிறார்களா?

முதல் இந்தியக் குழு வெற்றி 1965-ல், ஒன்பது பேர். முதலில் உச்சி தொட்டவர்கள் அவ்தார் சிங் சீமாவும் நவாங் கோம்புவும். 1984-ல் பச்சேந்திரி பால் முதல் இந்தியப் பெண்ணானார். மலேசியாவின் முதல் எவரெஸ்ட் ஏற்றமே தமிழர்களுடையது: 1997 மே 23, மகேந்திரனும் மோகனதாஸும். தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023-ல் ஏறினார்.

முறையாகக் கற்க எங்கே போவது?

டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் (டென்சிங் அங்கே களப்பயிற்சி இயக்குநராக இருந்தார்), உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் ஆகிய இரண்டும் நெடுநாள் பெயர் பெற்றவை. அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய ஒரு மாதம். முடிச்சுகள், ஜூமார் என்ற பிடிகருவியால் கயிறேறுவது, கிராம்பான் (காலணியில் மாட்டும் இரும்பு முட்கள்) மாட்டிப் பனியில் நடப்பது, சறுக்கினால் ஐஸ் ஆக்ஸை மார்போடு அணைத்துக் குத்தி நிறுத்துவது, பனிப்பிளவில் விழுந்தவரை மேலே இழுப்பது எல்லாம் அதில் வரும். 'ஏ' தரம் வாங்கினால்தான் மேல்நிலைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். அதன் பிறகு 6,000 மீட்டர் சிகரங்கள் சில, ஒரு 7,000 மீட்டர் சிகரம், அதற்கப்புறம் எண்ணாயிரம் என்று படிப்படியாகப் போங்கள். நேபாளம் எவரெஸ்ட் அனுமதிக் கட்டணத்தை 2025 செப்டம்பரிலிருந்து வசந்தப் பருவத்துக்கு 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக உயர்த்தியிருக்கிறது. ஷெர்பா, ஆக்சிஜன், உணவு, காப்பீடு சேர்த்தால் மொத்தம் அதைப்போலப் பல மடங்கு. பணத்தைத் திரட்டுவதற்கு முன் ஒரு குளிர்ந்த 6,000 மீட்டர் இரவில் உங்கள் விரல்களும் தலையும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்துவிடுங்கள்.